தறிக்குழிக்குக் கீழே

மழை விட்டிருந்தது. தெருவில் ஓடிய தண்ணீர் விடவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு செவிலிமேட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஒரு காதுக்குள் சேறு காய்ந்து அடைத்திருந்ததால் பின்னால் வந்த ஷேர் ஆட்டோவின் ஆரன் சத்தம் கேட்கவில்லை. ஓட்டுநர் பக்கத்தில் வந்து நிறுத்தினார். திட்டுவதற்கு வாயெடுத்தவர் என் கோலத்தைப் பார்த்ததும் தணிந்துவிட்டார்.

“இன்னாபா, எருமைங்க கூட படுத்துக்கினு இருந்தியா?”

“செவிலிமேடு வரைக்கும் ஏறிக்கட்டாண்ணா?”

“ஏறிக்கலாம். சீட்ட யாரு கழுவறது? பொடிநடையா போயிடு ராசா. இன்னா பெரிய தூரம்.”

உள்ளே உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஆட்டோ போய்விட்டது. அவர் சொன்னதில் தப்பில்லை. என் மேல் இருந்த சேறு சாதாரணச் சேறு இல்லை. எத்தனையோ தலைமுறையாக வெயில் படாத சேறு.

ஒரு வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நடந்ததில் தொடங்கியது. பிறகு செங்கல் சூளை, லாரியில் கிளீனர் வேலை, ஏனாத்தூரில் மாணவர்களுக்குச் சமைத்துப் போடும் மெஸ் என்று நிறைய இடங்களில் இருந்துவிட்டு ஒரு நாள் காலையில் எழுந்து நடந்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கால் அரிக்கும், அவ்வளவுதான். ஆனால் இந்த வேலையில் கால் அரிக்கவே இல்லை. மண்ணுக்கு அடியில் ஒரு பாதையில் தவழ்ந்து போய், ஒரு கை நுழையும் துளைவரை எட்டி, அந்தத் துளைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்காமல் திரும்பி நடந்துகொண்டிருந்தேன். எரிச்சல் என்றால் அப்படியோர் எரிச்சல்.

அந்தப் பாதை எங்கே ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நெசவாளர் தெரு ஒன்றின் கோடியில் ஒரு சின்ன அம்மன் கோயில். அதற்கு ஒரு குளம். குளம் என்று சொல்லுவார்களே தவிர, பல வருடமாக அதில் பசங்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தை மாதத்தில் தெப்பம் விட வேண்டும் என்று தெருக்காரர்கள் ஒரு கமிட்டி போட்டு, குளத்தைத் தூர் வார ஐயம்பேட்டைக்காரர் ஒருவரைப் பிடித்தார்கள். கிணறு, தொட்டி, குளம் எல்லாவற்றிலும் தூர் வாருவது அவர் தொழில். நாங்கள் மேஸ்திரி என்று கூப்பிடுவோம். மெஸ் வேலையை விட்டு வந்த என்னை ஒரு டீக்கடையில் பார்த்து, “ஒல்லியா இருக்கிறே, ஒதவுவே” என்று கூட்டிக்கொண்டு போனார்.

குளத்தின் தென்மூலையில் படிகளுக்கு நடுவே மண் மூடிக் கிடந்த ஒரு வாய் இருந்தது. மண்ணை இழுத்தபோது உள்ளே செங்கல் வளைவு தெரிந்தது. தெருவே கூடிவிட்டது. ராஜா தப்பித்துப் போன சுரங்கம் என்றார்கள் சிலர். பெரிய கோயிலுக்குப் போகிறது என்றார்கள் வேறு சிலர். ஏனாத்தூரிலிருந்து வந்த கல்லூரிப் பையன்கள் போனில் வீடியோ எடுத்துப் போட்டார்கள். மறுநாள் வேடிக்கை பார்க்க வந்தவர்களின் வண்டிகளுக்கு நடுவே எங்கள் மண்ணைக் கொட்ட இடமில்லை.

கமிட்டித் தலைவர் மட்டும், “சொரங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாலாத்துப் பக்கத்திலேர்ந்து கொளத்துக்குத் தண்ணி வந்த கால்வாய். தொறந்துட்டா தெப்பத்துக்கு லாரித் தண்ணி வாங்க வேணாம்” என்றார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தவழ்ந்து உள்ளே நுழையும்போதெல்லாம் வாசலில் குனிந்து, “உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்குது பாரு” என்பார். ஒவ்வொரு முறையும் அவரே சிரித்துக்கொள்வார்.

உள்ளே போவது என் வேலையாக ஆனதற்குக் காரணம் உண்டு. சில வருடம் முன்னால் ஆந்திரத்தில் ஒரு சுண்ணாம்புக் குகையில் மண் வாரியிருக்கிறேன். ஜனங்கள் வந்து பார்ப்பதற்காகப் பாதை போட்டார்கள். மூடிக் கிடந்த கிளைகளைத் தோண்டித் திறந்து, எது எதில் போய்ச் சேருகிறது என்று தவழ்ந்து பார்ப்பது எங்கள் நாலைந்து பேரின் வேலை. அங்கே தெரிந்துகொண்டது ஒன்று. மண் அடைத்த இடத்தில் காற்று வந்தால் தோண்டலாம், அந்தப் பக்கம் வழி இருக்கிறது. காற்று இல்லையென்றால் தோண்டி உயிரை விட வேண்டாம். மேஸ்திரியிடம் இதைச் சொன்னபோது, “அப்ப நீயே உள்ள போ. எனக்கு இடுப்பு ஒத்துக்காது” என்றார். அவர் இடுப்பு மண் வண்டியைத் தள்ளும்போது ஒத்துக்கொண்டது. பாதைக்குள் நுழையும்போது மட்டும்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

முழங்காலில் லாரி டியூபை வெட்டிக் கட்டிக்கொள்வேன். தலையில் விளக்கு. குட்டைப் பிடி போட்ட மண்கொத்து ஒன்று, சின்னக் கடப்பாரை ஒன்று, முன்னால் தள்ளிக்கொண்டு போக ஒரு பிளாஸ்டிக் தொட்டி. தொட்டியின் இரண்டு பக்கமும் கயிறு. நான் சேற்றை அள்ளி நிரப்பிக் கயிற்றை ஆட்டினால் வாசலில் இருக்கும் அக்கா இழுப்பார். அவர் ஏனாத்தூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக வேண்டும் என்று அன்று மட்டும் வரமாட்டார். கை மரம்போல இருக்கும். கொஞ்சம் தாமதமானால் உள்ளே குரல் வரும்.

“உசுரோட இருக்கியா, மால வாங்கிடட்டுமா?”

“இருக்கேங்க்கா.”

“அப்ப கவுத்த ஆட்டு. ஊமையா செத்துட்டுக் கெடந்தா எனக்கு எப்டித் தெரியும்?”

சேறு மேலே காய்ந்தும் கீழே களியாகவும் இருந்தது. முட்டி போட்டால் வளைவு முதுகில் இடிக்கும். ஒரு நாள் முழுக்கத் தோண்டினாலும் ஒரு ஆள் படுக்கும் நீளம் முன்னேறினால் அதிகம். கோயில் மதில் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது கிளையில் போனேன். அது அகலமாகவும் சுத்தமாகவும் இருந்ததால் முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு நாற்றம் வந்தது. யாரோ புதிதாகக் கட்டிய வீட்டின் செப்டிக் டேங்க்கைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கியிருந்தார்கள். சிமெண்ட் சுவர் குறுக்கே நின்றது. அந்தக் கிளையில் செலவழித்த உழைப்பு வீண். வெளியே வந்து சொன்னபோது தலைவர், “டிக்கெட் தப்பா எடுத்துட்டே” என்றார்.

வலது கிளையைத் தோண்டத் தொடங்கியபோது எங்களுக்குத் தெரு தந்த தொல்லை கற்பூரம். மண்ணுக்கு அடியில் போகிறோம், அம்மன் உத்தரவு வாங்காமல் போகக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் காலையில் வாசலில் எலுமிச்சம்பழம் வைத்துக் கட்டிக் கட்டியாகக் கற்பூரம் கொளுத்துவார்கள். சேறு குறைந்து வழி திறந்ததும் புகை அத்தனையும் உள்ளே போக ஆரம்பித்தது. நான் நுழைந்தால் கண் எரியும், இருமல் வரும். புகை அடங்குகிறவரை சும்மா உட்கார வேண்டும். சண்டை போட்டுப் பார்த்தேன். “அம்மன் புக உன்ன ஒண்ணும் பண்ணாதுபா” என்றார்கள்.

ஒரு நாள் நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது, தெருவின் நடுவிலிருந்து ஒரு பெண் மூச்சு வாங்க ஓடி வந்தார். கையில் உடைத்த தேங்காய் மூடி.

“எங்க தறிக்குழியில அம்மன் வந்துருக்குது. கற்பூர வாசன வருது. புகையே வருது.”

தெருக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு வேறு விதத்தில் மயிர்க்கூச்செறிந்தது. புகை போகிறது என்றால் காற்று போகிறது. காற்று போகிறது என்றால் வழி இருக்கிறது. அந்த அம்மாவின் வீட்டுக்கு நேர் கீழேதான் என் பாதை போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வேகமாகத் தோண்டினேன். சாப்பிடுவதற்குக்கூட வெளியே வரப் பிடிக்கவில்லை. அக்கா சோற்றுப் பொட்டலத்தைத் தொட்டியில் வைத்து உள்ளே அனுப்பினார். கை கழுவத் தண்ணீரும் அதே தொட்டியில் வந்து, பாதி சோற்றில் கொட்டியிருந்தது. அதையும் தின்றேன்.

ஒரு திருப்பம் தாண்டியதும் சேறு தீர்ந்தது. குப்பை தொடங்கியது. உடைந்த ஓடு, சாம்பல், கருங்கல் துண்டு, மக்கிய மரச்சட்டம், அதற்கு நடுவில் மண்ணாகியும் மின்னுகிற பட்டு நூல் உருண்டைகள். பாதையை மேலேயிருந்து கீழேவரை அடைத்திருந்தது. மேலே பார்த்தால் வளைவில் செங்கல் இல்லை, குப்பைதான். வளைவை உடைத்துக்கொண்டு மேலிருந்து யாரோ இறக்கியதுபோல இருந்தது. அதற்குள்ளிருந்து காற்று முகத்தில் பட்டது. ஊதுவத்தி கொளுத்திப் பிடித்தால் புகையில் கொஞ்சம் மேலே போயிற்று, கொஞ்சம் குப்பைக்கு ஊடாக நேரே போயிற்று. மேலே போனது தறிக்குழிக்கு. நேரே போனது எங்கே?

ஒரு கருங்கல் துண்டைக் கடப்பாரையால் நெம்பினேன். இரண்டு மூன்று இடி இடித்த பிறகு அது அசைந்து அந்தப் பக்கம் விழுந்தது. விழுந்த சத்தம் உடனே வரவில்லை. துளையில் கையை விட்டேன். தோள்வரை போயிற்று. எதுவும் தட்டுப்படவில்லை. விளக்கைக் கழற்றித் துளையில் வைத்துக் கண்ணை ஒட்டிப் பார்த்தேன். வளைவு தொடர்ந்து போனது. எங்கள் பக்கத்தைவிட உயரம். கொஞ்சம் குனிந்தால் ஒரு ஆள் நடந்தே போகலாம். தரையில் சேறு இல்லை. தூரத்தில் இடப்பக்கமாக ஒரு திருப்பம், திருப்பத்தின் அடியில் தண்ணீரோ ஈரக்கல்லோ ஏதோ மின்னியது. அதற்கு மேல் வெளிச்சம் எட்டவில்லை.

துளையை அகலப்படுத்தக் கடப்பாரையை மறுபடி ஓங்கினேன். மேலிருந்து டம் டம் என்று யாரோ தரையில் குத்தும் சத்தம். கயிறும் ஆடியது.

வெளியே வந்தபோது மேஸ்திரி, தலைவர், நெசவாளர் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். நெசவாளர் என்றால் அந்தத் தேங்காய் மூடி அம்மாவின் வீட்டுக்காரர். வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். கோபமாகப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

போய்ப் பார்த்தோம். கூடத்தை முழுக்க அடைத்துக்கொண்டு தறி. சுவரிலிருந்து சுவர்வரை அரக்குச் சிவப்பில் நீள இழைகளாகப் பாவு இழுத்துக் கட்டியிருந்தது. அவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலைக் கீழே விட்டு மிதிகட்டையில் வைத்துக் காட்டினார். பிறகு கண்ணாடியை இறக்கி, பாவின் ஒரு ஓரத்தைக் காட்டினார். இழைகள் அறுந்து மயிர்போலத் தொங்கின.

“நீ கீழ இடிக்கிறே. இங்க அறுந்துக்கினு போவுது. ஒவ்வொண்ணா எடுத்து முடி போடணும். இப்ப புதுசா காத்து வேற வர்து. காத்துப் பட்டா பட்டு காஞ்சி நொறுங்கும்பா. கொழியில ஈரம் இருந்தாத்தான் இழ நிக்கும்.”

நான் குழியின் அடியைப் பார்த்தேன். கீழே நான் பார்த்த அதே ஓடு, அதே சாம்பல்.

“இத யாரு அடச்சதுங்க?”

“எங்க நைனா குழி வெட்டும்போது கீழ ஓட்ட விழுந்துருக்குது. அவுரு அடச்சாரு. மழைல தண்ணி ஊறும்போதெல்லாம் நானும் போட்டு அடப்பேன். ஓடு, கல்லு, பழைய தறிச் சட்டம், நூல் கழிவு, எது கெடச்சாலும்.”

“தண்ணி ஊறுறதே அதனாலதாங்க. பாலாத்துப் பக்கத்திலேர்ந்து வர்ற தண்ணி கொளத்துக்குப் போவணும். நீங்க நடுவுல அடச்சிட்டீங்க. அதுக்குப் போக வழி இல்லாம உங்க கொழியில ஏறுது. நீங்க மேல மேல அடைக்கிறீங்க, அது மேல மேல ஏறுது. தொறந்துட்டா உங்க கொழி காஞ்சிடும், கொளமும் நெறையும்.”

அவர் தலையை ஆட்டினார்.

“இருக்கலாம். நீ சொல்றது நெசமாவே இருக்கலாம். ஆனா இப்ப பாவு தறியில இருக்குது.”

“அத அவுத்து வெச்சிட்டு...”

அவர் மனைவி சிரித்துவிட்டார். தெலுங்கில் கணவரிடம், இவனுக்குச் சோறு வெந்துகொண்டிருக்கும்போது அடுப்பைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கச் சொல்கிற புத்தி என்றார். ஆந்திரத்தில் இருந்ததால் எனக்குப் புரிந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“பாவு எறங்கட்டும்” என்றார் நெசவாளர். “எறங்கினப்புறம் நீ தொறக்கறதுக்கு நானே மேல நின்னு கல்லு எடுத்துத் தரேன். அதுவரைக்கும் அந்தத் தொளைய மூடிடு.”

பாவு தறியில் இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்தத் தெருவில் அதற்கு எதிர்ப்பேச்சு இல்லை. வீட்டில் பிரசவம் என்று சொல்வதுபோல. மேஸ்திரி உடனே சரி என்றார். பாவு இறங்குவது என்றால் ஒரு புடவை நெய்து முடிப்பதுதானே, பத்துப் பதினைந்து நாளில் முடிந்துவிடும், மழைக்கு முன்னால் திறந்துவிடலாம் என்று நானும் நினைத்தேன்.

துளையை நான் மூடமாட்டேன் என்றேன். கையால் மண்ணை வைத்து லேசாக அடைத்தால் போதும், காற்று நின்றுவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். மேஸ்திரி கேட்கவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்று இடுப்பு வலியை மறந்து தானே உள்ளே போனார். செங்கல்லும் சிமெண்ட்டும் கொண்டுபோய், துளையை மட்டும் இல்லை, அந்தக் குப்பை முகம் முழுவதையும் பூசி மெழுகிவிட்டு வந்தார். தூர் வாருகிறவர் கை. கிணற்று உறைக்குப் பூசுவதுபோல ஒரு நூல் தண்ணீர் கசியாதபடி பூசியிருந்தார். வெளியே வந்து, “பாரு, எப்டி செஞ்சிருக்கேன்” என்று பெருமை வேறு.

பிறகு நான் குளத்தின் அடிமண்ணை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் நெசவாளர் வீட்டு வழியாகப் போவேன். கட்டை அடிக்கும் சத்தம் கேட்கும். ஒரு நாள் வாசலில் நின்று, “முடிஞ்சிச்சாம்மா?” என்று கேட்டேன்.

“மொத புடவ நேத்து தறியிலேர்ந்து அறுத்தாச்சி. ரெண்டாவது ஓடுது.”

“ரெண்டாவதா?”

“ஒரு பாவுன்னா மூணு புடவப்பா. கல்யாண ஆர்டரு. மூணும் ஒரே வூட்டுக்கு.”

நேராகத் தலைவரிடம் போனேன். அவருடைய தம்பி அதே தெருவில் தறி போடுகிறவர். அவருக்குத் தெரியாமல் இருக்காது.

“மூணு புடவன்னு ஏன் சொல்லல?”

“சொன்னா நீ அடுத்த பஸ்ஸ புடிச்சிடுவே. ஒன்ன மாதிரி உள்ள போற ஆளு எனக்கு எங்க கெடைப்பான்?”

அப்போதே போயிருக்க வேண்டும். போகவில்லை. மறுநாள் காலையில் வெட்டப் போகும்முன் ஒருமுறை உள்ளே தவழ்ந்து போய், மேஸ்திரி பூசிய சிமெண்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். காய்ந்து இறுகியிருந்தது. காற்று துளிகூட இல்லை. அந்தப் பக்கத்துத் திருப்பமும் மின்னிய தரையும் நான் கண்ணால் பார்த்தவை. ஆனால் யாரிடமும் காட்ட முடியாது. அக்காவிடம் சொன்னேன்.

“நடந்தே போகலாம்க்கா அந்தப் பக்கம். அவ்ளோ பெருசு.”

“நடந்து போயி?”

“போயி பாக்கணும்.”

“பாத்து?”

“ஒனக்கு ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்” என்று சொல்லிவிட்டு அக்கா மண் சட்டியைத் தலைக்கு ஏற்றினார்.

ஐப்பசி மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. முதல் நாள் எதுவும் ஆகவில்லை. இரண்டாம் நாள் மதியம் தெருவில் சத்தம். நெசவாளர் வீட்டுக் குழியில் தண்ணீர் ஏறி, மிதிகட்டை மூழ்கி, அவர் உட்காரும் விளிம்புக்கு ஒரு முழம் கீழேவரை வந்துவிட்டது. எந்த மழைக்கும் அவ்வளவு வந்ததில்லையாம். பாவைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, கூடத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. முன்பெல்லாம் தண்ணீர் அந்தக் குப்பைக்கு ஊடாகப் பாதியாவது கசிந்து குளத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் குளத்துப் பக்கம் அவ்வளவு சேறு. இப்போது மேஸ்திரி அந்த வழியைக் கிணற்று உறைபோலப் பூசிவிட்டார். வந்த தண்ணீர் அத்தனையும் மேலே ஏறுகிறது. இதைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

“சிமெண்ட்ட ஒடைச்சா போதும். இப்பவே உள்ள போறேன். கொழி தானா வடிஞ்சிடும்.”

“தோண்டாம இருந்தப்ப முட்டி வரைக்கும்தான் வந்துது” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். “நீங்க தோண்டினீங்க, இடுப்பு வரைக்கும் வந்துருக்குது. இன்னும் தோண்டினா கூரைக்கு வருமா?”

“தோண்டினதால இல்லங்க. மூடினதால.”

“மூடினது யாரு? நீங்கதான?”

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு, இந்தப் பையன் சொல்வதைக் கேட்காதீர்கள், இனி உள்ளே யாரும் போகமாட்டோம் என்றார். அவருக்கு அந்தத் தெருவில் அடுத்த வேலை வேண்டும். தலைவர் என்னைப் பார்க்கவில்லை. நெசவாளர் மட்டும் பார்த்தார்.

“கீழ ஒடைச்சா தண்ணி வேகமா எறங்கும் இல்ல?” என்று கேட்டார்.

“எறங்கும்.”

“எறங்கும்போது எங்க நைனா போட்டது, நான் போட்டது எல்லாத்தையும் சேத்து இழுத்துக்கினு போவும். அதுக்கு மேலதான் தறி நிக்குது.”

தறியின் கால் நட்டிருந்த மண் அந்தக் குப்பையின் மேல்தான் இருந்தது. நான் கீழேயிருந்து அதைப் பார்த்திருக்கிறேன், இவர் மேலேயிருந்து பார்க்கிறார். ஒரே அடைப்பு. நான் சொல்வதும் சரி, அவர் சொல்வதும் சரி. எங்களுக்கு நடுவில் தண்ணீர்.

யாரிடமும் சொல்லாமல் குளத்துக்குப் போய், பாதைக்குள் கடைசியாக ஒருமுறை தவழ்ந்தேன். சிமெண்ட் பூச்சில் கையை வைத்தேன். அந்தப் பக்கத்துத் தண்ணீரின் குளிர்ச்சி உள்ளங்கைக்கு வந்தது. கையில் கொத்து இருந்தது. ஓங்கவில்லை. உடைந்தால் முதலில் போவது நான். இது தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்து, முழங்கால் டியூபை அவிழ்த்து அக்காவிடம் கொடுத்துவிட்டு நடந்தேன்.

“எங்க போறே?” என்றார் அக்கா.

“தெரியல.”

“சரி. குளிச்சிட்டுப் போ.”

குளிக்கவில்லை. அதனால்தான் ஆட்டோக்காரர் ஏற்றவில்லை. செவிலிமேட்டில் ஒரு பூட்டிய கடையின் வாசலில் படுத்துக்கொண்டேன். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் போய் வந்தவாசி பஸ் பிடிக்கலாம் என்று எண்ணம்.

மறுநாள் காலையில் தெருக்குழாயில் தலையோடு குளித்துவிட்டு, கூலி ஆட்கள் நிற்கும் கூட்டுரோட்டில் நின்றேன். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு நாள் வேலை பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான். கொத்தனார்கள் வந்து சித்தாட்களைக் கூட்டிப் போனார்கள். லாரி ஒன்று வந்து மூட்டை தூக்க ஆள் எடுத்தது. கடைசியில் டிவிஎஸ் வண்டியில் ஒருவர் வந்து நின்றார். நெசவாளர். என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தலாமா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது. நிறுத்தினார்.

“தண்ணி மொள்ள ஆள் வேணும்” என்றார், என்னைப் பார்க்காமல், பொதுவாக எல்லோரிடமும்.

“மோட்டார் வெக்கலாமேண்ணா” என்றான் பக்கத்தில் நின்றவன்.

“மோட்டார் வெச்சா தறி அதிரும். புக அடிச்சா சரிகை கறுக்கும். கையாலதான் மொள்ளணும். மெதுவா மொள்ளணும்.”

மெதுவாக மொள்ளும் வேலைக்கு யாரும் முன்வரவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

“மொண்டா மறுபடி ஊறும்ங்க” என்றேன்.

“தெரியும். நீ மொண்டுக்கினே இருக்கணும். கணுக்கால் வரைக்கும் எறங்கினா நான் உக்காந்து நெய்வேன். மிதிகட்டைக்கு ஏறினா நான் கால எடுத்துக்கறேன், நீ எறங்கு. இன்னும் ஒண்ணர புடவ இருக்குது.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் பாவு எறங்கிடும்.”

“எறங்கினப்புறம் தொறக்க விடுவீங்களா?”

அவர் வண்டியின் கைப்பிடியைத் திருகினார். “அன்னிக்கி சொன்னேன் இல்ல. இன்னிக்கி எங்க தெருவுல அந்தப் பேச்சே எடுக்க முடியாது. பாவு எறங்கட்டும், பாக்கலாம்” என்றார். பிறகு, “கொழிக்குள்ள நிக்கும்போது அடியில கால வெச்சி நோண்டக் கூடாது. அது மட்டும் இப்பவே சொல்லிடறேன்” என்றார்.

வந்தவாசி பஸ் ஆரன் அடித்துக்கொண்டு பாலத்துப் பக்கம் திரும்பியது. நான் டிவிஎஸ்ஸின் பின்னால் ஏறிக்கொண்டேன்.

அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொடுத்தார். தலைக்கு மேலே பாவு விரிந்திருக்க, குனிந்தபடியே குழிக்குள் இறங்கினேன். தண்ணீர் இடுப்புவரை குளிர்ந்தது. காலடியில் உடைந்த ஓடுகளும் கற்களும் இடறின. ஓரமாக நின்று, குடத்தை அமிழ்த்தி, சத்தம் வராமல் முதல் குடம் தண்ணீரை மேலே தூக்கிக் கொடுத்தேன்.